கிழக்கே வண்டிப்பாதை

எங்கள் பக்கத்துக் கொலைகாரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. காரியம் முடிந்ததும் ஓடி ஒளிய மாட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போக மாட்டார்கள். நேராக வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போவார்கள். அங்கே சாதிச் சான்றுக்கும் அடங்கல் நகலுக்கும் நிற்கிறவர்களுக்குப் பின்னால் நின்று, தங்கள் முறை வந்ததும், "ஐயா, ஒரு கொலை பண்ணிட்டேன், மனசு உறுத்துது" என்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் அதை எழுதி, கையெழுத்து வாங்கி, ஆளையும் தாளையும் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். கேஸ் கட்டுகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பதினைந்து வருஷமாகப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் வக்கீல் தொழில் செய்கிறேன். வி.ஏ.ஓ. ஆபீஸ் வரிசையில் ஒரு கொலைகாரரைக்கூட நான் பார்த்ததில்லை.

காரணம் எளிது. போலீசிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது. வி.ஏ.ஓ.விடம் ஒப்புக்கொண்டது, ஜட்ஜ் நம்பினால், செல்லும். அதனால் யாருக்கு மனசு உறுத்த வேண்டும் என்று முடிவு செய்து, போலீசே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் வி.ஏ.ஓ. முன்னால் உறுத்த வைக்கும்.

நான் சொல்ல வந்தது அப்படி எழுத வேண்டியிருந்த ஒரு வி.ஏ.ஓ.வைப் பற்றி. பெயர் வேண்டாம். பெயரை மட்டும் சொன்னால் போதுமா, ஊர், வட்டம், புல எண் எங்கே என்று அவரே கேட்பார்.

முதன்முதலில் அவரைப் பார்த்தது எங்கள் வீட்டு வாசலில். அரும்பாவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சட்டக் கல்லூரியில் சேர எனக்கு இருப்பிடச் சான்று தேவைப்பட்டது. மற்ற வி.ஏ.ஓ.க்கள் உட்கார்ந்த இடத்திலேயே அறிக்கை எழுதிக் கொடுப்பார்கள். இவர் மொபெட்டில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றினார். "அடுப்பு எங்கம்மா இருக்கு?" என்றார்.

சாப்பிட வந்திருக்கிறார் என்று அம்மா நினைத்துவிட்டாள். "இன்னும் சோறு ஆவலைங்க சார், காப்பி வேணா போடட்டுமா?"

"சோறு காப்பி எல்லாம் வேணாம்மா. அடுப்பப் பத்த வைங்க. வூடுன்னா அடுப்பு எரியணும். பூட்டு தொங்குனா அது கட்டடம்."

அம்மா கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் குனிந்து நீலத் தீயைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்துச் சூரியனைப் பார்த்துவிட்டு, மொபெட் சீட்டில் தாளை வைத்து எழுதினார். தாலுகா ஆபீஸ் கிளார்க் அந்த அறிக்கையைச் சத்தமாகப் படித்தார். 'வடக்கே ஊராட்சித் தெரு, கிழக்கே மாட்டுக்கொட்டகை, தெற்கே காலிமனை, மேற்கே முருங்கை மரம், இந்த நான்கெல்லைக்குட்பட்ட ஓட்டு வீட்டில், தென்கிழக்கு மூலையில் அடுப்பு எரியும் நிலையில், மனுதாரர் வசித்து வருகிறார்.' ஆபீசே சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. இன்று அந்தத் தாளை யாராவது கொடுத்தால் ஃபிரேம் போட்டு மாட்டுவேன்.

நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவது எல்லா வி.ஏ.ஓ.வும் செய்வது. நிலத்தோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாதவர் இவர். ஒருமுறை வயிற்றுவலி என்று டாக்டரிடம் போய், "தொப்புளுக்கு வடமேற்க வலிக்குதுங்க" என்றாராம். எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கும்போது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "படுத்தா எப்பவும் தெக்க தலைங்க" என்று பதில். கோயிலில் செருப்பு தொலைந்தால், மற்றவர்கள் செருப்பைத் தேடுவார்கள். இவர் செருப்பு விட்ட இடத்தின் நான்கெல்லையைச் சொல்லி, அந்த எல்லைக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று விசாரிப்பார். அவர் மனைவி பின்னாளில் என்னிடம் சொன்னது இது: "பொண்ணு பாத்துட்டுப் போனதும் இவங்கம்மா, 'பொண்ணு எப்படிடா இருக்கு'ன்னு கேட்டாங்களாம். 'சன்னலுக்குக் கெழக்க இருந்துச்சு'ன்னு சொன்னாராம். அதுக்கு மேல இன்னிக்கு வரைக்கும் என்னைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல."

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். வரப்புத் தகராறு என்றால் ஊர் அவரைத்தான் கூப்பிட்டது. சர்வேயர் சங்கிலியோடு வருவதற்குள் அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இவர் வந்து சூரியனைப் பார்ப்பார், பத்தடி நடப்பார், குதிகாலால் தரையைக் குத்துவார். "கல்லு இங்க கெடக்கும், தோண்டு." தோண்டினால் சர்வே கல் கிடக்கும். கூட்டம் வாயைப் பிளக்கும். அவர் கால் மண்ணைத் தட்டிக்கொண்டே, "நான் எழுதுனா எல்லை தப்பாதுப்பா" என்பார். அவருக்கு இருந்த கர்வம் மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான்.

நான் வக்கீலான பிறகு கோர்ட் பாரில் அவரைப் பற்றி ஒரு கதை ஓடியது. கோயில் மணி திருடியதாக ஒருவனை ஜீப்பில் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். "இவன் தானா வந்து ஒப்புக்கிட்டான்னு எழுதுங்க" என்றாராம் இன்ஸ்பெக்டர். "அது எப்படிங்க? நீங்க கூட்டியாந்தீங்க. வந்தான்னு எழுதணும்னா அவன் நடந்து வரணும்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். அடுத்த வாரமே பச்சைமலை அடிவாரக் கிராமத்துக்கு மாற்றல் வந்தது. அந்த வாக்குமூலத்தைப் பக்கத்து வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்தார். சுருக்கமாக, நல்ல கையெழுத்தில், நான்கெல்லையெல்லாம் இல்லாமல். மணித் திருடன் உள்ளே போனான். கோயில் மணி பிறகு கோயில் பரணிலேயே கிடைத்தது.

இனி செல்லக்கண்ணு. அடிவாரக் கிராமத்தில் ஆடு மேய்க்கிறவன். முப்பத்தைந்து வயது இருக்கும். அவனுக்கு மூளை அவ்வளவுதான் என்று ஊருக்கே தெரியும், அதைக் குறையாக யாரும் சொன்னதில்லை. ஆட்டுக்கும் அவனுக்கும் நடுவே குழப்பம் வந்ததில்லை. அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா உட்கார் என்றால் உட்காருவான், எழு என்றால் எழுவான். ஒரு மாசி மாதம் அந்த ஊரில் ஒரு பெரிய குடும்பத்தின் சின்ன வெங்காயப் பட்டறை எரிந்தது. பட்டறை என்றால் வெங்காயத்தைக் குவித்து, சுற்றிலும் படல் கட்டி, மேலே ஓலை போட்டு வைப்பது. உள்ளே படுத்திருந்த காவல்காரப் பெரியவர் வெளியே வர முடியாமல் இறந்துபோனார். பீடி நெருப்பா, கம்பி உரசிய பொறியா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் செத்தது ஒரு மனிதன், எரிந்தது பெரிய இடத்துச் சரக்கு. ஒரு ஆள் வேண்டியிருந்தது. செல்லக்கண்ணு அந்தப் பக்கம்தான் ஆடு மேய்ப்பான்.

அவனை அடிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு போலீஸ்காரர் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். அவன் வாழ்க்கையில் யாரும் அவனை ஜீப்பில் ஏற்றியதில்லை, பன் வாங்கிக் கொடுத்ததும் இல்லை. நீதான் தீ வைத்தாய் என்றார்கள். இவ்வளவு நல்லவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டான்.

இலவச சட்ட உதவியில் கேஸ் என்னிடம் வந்தது. கொலைக் கேஸ், ஆயுள் தண்டனை வரை போகும். சிறையில் போய்ப் பார்த்தேன். பேச்சு வளர்வதற்காக, "கிழக்கு எதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுங்க. ஆடு போற பக்கம்."

"மேற்கு?"

"வூட்டுக்கு வர்ற பக்கம்."

"ஆடு இன்னைக்கு வேற பக்கம் போனா?"

"அப்ப அதான் கெழக்கு" என்று சிரித்தான்.

இவனுக்கு விசாரணை என்றால் என்னவென்றே விளங்காது, இவனை வைத்துக் கேஸ் நடத்தக் கூடாது என்று மனு போட்டேன். ஒரு அரசு டாக்டர் பத்து நிமிஷம் பரிசோதித்தார். சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன் என்றான். தப்பு செய்தால் தண்டனை உண்டு, தெரியுமா என்றார். தெரியுங்க என்றான். எதைக் கேட்டாலும் அவன் தெரியுங்க என்றுதான் சொல்வான், அது அவன் மரியாதை. 'சுயபுத்தியுடன் உள்ளார், விசாரணையை எதிர்கொள்ளத் தகுதியானவர்' என்று சான்று வந்தது. மனு தள்ளுபடியானது. மிஞ்சியது ஒரே சாட்சியம்: வி.ஏ.ஓ.விடம் செல்லக்கண்ணு கொடுத்ததாகச் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம். எழுதியவர் யார் என்று பார்த்தால், நம்ம அடுப்புக்காரர்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கோயில் மணிக்குப் பேனாவை மூடியவர் கொலைக்குத் திறந்துவிட்டாரே என்று பொருமினேன். வாக்குமூலம் எழுதிய அன்று காலை செல்லக்கண்ணுவின் அக்கா வி.ஏ.ஓ. ஆபீசுக்கு வெளியே நின்றிருந்தாள். "எந்தம்பி வாயே தொறக்கலைங்கம்மா. பன்னு தின்னுக்கிட்டு இருந்தான். அந்த ஆபீசருதான் எழுதிக்கிட்டே இருந்தாரு. நடுவுல ஒருக்கா எந்திரிச்சு வெளிய வந்தாரு. ரொம்ப நேரம் சூரியனப் பாத்துக்கிட்டு நின்னாரு. உள்ள போயி மறுக்கா எழுதுனாரு" என்றாள்.

சூரியனைப் பார்க்காமல் அவரால் எழுத முடியாதே, பழக்கதோஷம் என்று நான் அதைத் தள்ளிவிட்டேன். வக்கீலுக்கு இருக்க வேண்டிய புத்தி அன்று எனக்கு இல்லை. அதற்கு எந்த டாக்டரும் சான்று கொடுக்கவில்லை.

விசாரணை நாள் வந்தது. வி.ஏ.ஓ. சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அரசு வக்கீல் கேட்ட முதல் விசாரணையில் மடமடவென்று ஒப்பித்தார். அவர் வந்தார், சொன்னார், எழுதினேன், படித்துக் காட்டினேன், கைரேகை வாங்கினேன். 'வந்தார்' என்ற சொல் அந்த வாயிலிருந்தே வந்தபோது எனக்குக் காது எரிந்தது. இன்றைக்கு இந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிடுவது என்று முடிவு செய்துகொண்டு எழுந்தேன்.

என் திட்டம் சின்னது. ஆடு மேய்க்கிறவன் சொன்னதாக எழுதியிருந்த வாக்குமூலம் பத்திர ஆபீஸ் தமிழில் இருந்தது. அதைச் சத்தமாகப் படித்தாலே போதும், கோர்ட் சிரிக்கும். படித்தேன். 'நடப்புப் பசலி மாசி மாதம், வடக்கே பருத்திக்காடு, தெற்கே ஓடை...' சிரித்தார்கள். "செல்லக்கண்ணுவுக்கு வயசே தெரியாது யுவர் ஆனர். ரெவின்யூ ஆபீஸ் பசலி ஆண்டுக் கணக்கு மட்டும் தெரியுமாம்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் அடுத்த வரியைப் படித்தேன். 'கிழக்கே வண்டிப்பாதை.'

அதே வரியை மனசுக்குள் மறுபடி படித்தேன்.

அந்த இடத்துக்கு நான் போயிருக்கிறேன். ஸ்கூட்டரை வண்டிப்பாதையில் நிறுத்திவிட்டு, சாயங்கால வெயில் முதுகில் அடிக்க, எரிந்த பட்டறையைப் பார்த்து நடந்திருக்கிறேன். வண்டிப்பாதை பட்டறைக்கு மேற்கே. கேஸ் கட்டைப் புரட்டினேன். புலப்படம் இருந்தது, இதே வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டது. அதில் வண்டிப்பாதை சரியாக மேற்கே இருந்தது. அந்தத் தாளை நான்கு முறை படித்தும் இதை நான் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் பார்க்கவில்லை. அரசு வக்கீல் பார்க்கவில்லை. நான்கெல்லையை யார் படிக்கிறார்கள்? எல்லாரும் தாண்டிப் போகிற இடம் அது. தாண்டிப் போவோம் என்று அவருக்குத் தெரியும், இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறாரே.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து வந்து, சூரியனைப் பார்த்து, கிழக்கு எது மேற்கு எது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை நிச்சயம் செய்துகொண்டு, உள்ளே போய் மாற்றி எழுதியிருக்கிறார். மறுத்திருந்தால் பக்கத்து வி.ஏ.ஓ. எழுதியிருப்பார். அந்தத் தாளில் எல்லையே இருந்திருக்காது, பிடிக்க ஒரு நூல் இருந்திருக்காது.

ஒரு சாட்சியைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது அந்த ஒரு நாள்தான். ஆனால் அழ முடியாது, கேஸ் நடத்த வேண்டும். செல்லக்கண்ணு வெளியே வர வேண்டுமென்றால், இந்த மனிதருக்குத் திசை தெரியாது என்று இவர் முகத்துக்கு நேராக நான் நிரூபிக்க வேண்டும்.

"உங்களுக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?"

"இருபத்தாறுங்க."

"கிழக்கு மேற்கு தெரியுமா?"

கோர்ட் சிரித்தது. அவர் சொன்னார். "தெரியும்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேங்க."

"புலப்படத்துல வண்டிப்பாதை மேற்கே. வாக்குமூலத்துல கிழக்கே. வாக்குமூலத்துப்படி பாத்தா தீ வச்ச இடம் எது?"

"பாதைக்கு அந்தாண்டப் பக்கங்க. குட்டை."

"குட்டையில என்ன இருக்கு?"

"தண்ணி இருக்குங்க. தவக்களை இருக்கும்."

"வெங்காயப் பட்டறை?"

"இல்லைங்க."

அரசு வக்கீல் எழுந்து கைப்பிழை என்றார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொல்லிவிட்டுச் சாட்சியிடம் நேராகக் கேட்டார். "இது செல்லக்கண்ணு சொன்னதா, நீங்களா எழுதினதா?"

"எழுதுனது நாந்தாங்க" என்றார். "எனக்குத் திசை தெரியாமப் போச்சுங்க."

போலீசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜீப் இல்லை, பன் இல்லை. பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். என்னைக் கடந்து போகும்போதும் பார்க்கவில்லை.

தீர்ப்பில், தன் பொறுப்பிலுள்ள கிராமத்தின் திசைகூட அறியாத இந்தச் சாட்சி எழுதிய வாக்குமூலம் நம்பத்தகுந்ததல்ல என்று ஜட்ஜ் எழுதினார். ஆக, செல்லக்கண்ணுவுக்குச் சுயபுத்தி உண்டு என்று ஒரு சான்று, வி.ஏ.ஓ.வுக்கு இல்லை என்று ஒரு தீர்ப்பு. இரண்டும் சர்க்கார் முத்திரையோடு பத்திரமாக இருக்கின்றன. விடுதலையான செல்லக்கண்ணு கோர்ட் படியில் நின்று, "பன்னு குடுத்தவரு எங்கங்க?" என்று தேடினான். அவர் வர மாட்டார் என்று சொல்லி, நான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பாதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், ஆட்டுக்காம்.

வி.ஏ.ஓ.வுக்கு மெமோ வந்தது. கவனக்குறைவு என்று போட்டு இன்கிரிமென்டை நிறுத்தினார்கள். அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் கேள்விப்பட்டேன். வேறொன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. டீக்கடையில் ஆட்கள், "சார், பெரம்பலூர் பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். அவர் டம்ளரை வைத்துவிட்டு, "தெரிஞ்சவங்களக் கேளுங்க" என்பாராம். வரப்புத் தகராறுக்கு அவரைக் கூப்பிடுவது நின்றுபோனது. கோர்ட்டில் அவரைப் பார்த்துச் சிரிக்கவைத்தது நான். போய்ப் பேச எத்தனையோ முறை நினைத்தேன். மேல்முறையீடு ஏதாவது வந்தால் சாட்சியோடு வக்கீல் பேசினது வம்பாகும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் அவரைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மகளுக்குத் திருமழபாடியில் கல்யாணம். உறையில் என் பெயருக்குக் கீழே, 'வடக்கே ஜெராக்ஸ் கடை, தெற்கே சாக்கடை' என்று ஆபீஸ் விலாசம். பத்திரிகையின் பின்பக்கம் மண்டபத்துக்கு வழி. தெற்கே கொள்ளிடக் கரை ரோடு, மேற்கே பட்டுப்போன புளியமரம், வடக்கே நெல் குடோன், கிழக்கே சைக்கிள் கடை. பாரில் அதைப் படித்துவிட்டு ஒருவர், "இந்தாளு வழிய நம்பிப் போனா கொள்ளிடத்துலதான் எறங்கணும்" என்றார். அவரோடு அதற்குப் பிறகு நான் சரியாகப் பேசுவதில்லை.

யாரையும் வழி கேட்பதில்லை என்று வைராக்கியமாக அரியலூரிலிருந்து ஸ்கூட்டரில் போனேன். குடோன் இருந்தது. சைக்கிள் கடை இருந்தது. புளியமரம் பட்டுப்போய்த்தான் நின்றது. நடுவில் மண்டபம்.

பந்தியில் இலை போடுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். பட்டு வேட்டி, பையில் அதே இரண்டு பேனா. என்னைப் பார்த்ததும் வேகமாக நடந்து வந்தார்.

"வாம்மா. வழி கண்டுபிடிக்க முடிஞ்சுதா?"

"எழுதினபடியே இருந்துச்சு சார்."

என்னை உட்காரவைத்தார். இலையைச் சரியாக இழுத்துவிட்டார். தண்ணீர் தெளிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நான் எழுதுனா எல்லை தப்பாதும்மா."

என் முகத்தையே பார்த்தார். ஜீப்பில் யாரும் கொண்டுவரவில்லை, பன் வாங்கிக் கொடுக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. தானாக நடந்து வந்து சொன்னார்.

"தெரியும் சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த இலைக்குத் தென்கெழக்க இன்னொரு வடை வைய்யி" என்றார்.